தண்ணீருக்குள் கேட்கும் தட்டு

…ஆறு, ஏழு, எட்டு, மறுபடியும் ஒன்று, இப்படி இரும்புக் குழாயால் குளத்து ஏணியில் தட்டிக்கொண்டே இருந்தால் போதும், தண்ணீருக்குள் தலைகீழாக நிற்கும் எட்டுப் பெண்களுக்கும் அது கேட்கும், கால்கள் ஒன்றாக மடங்கும், கரையில் நிற்கும் தன் முகத்தை ஒருத்தியும் பார்க்க மாட்டாள் என்று பயிற்சியாளர் நினைத்தாள், நல்லவேளை, தலைகீழாக நிற்கிற விளையாட்டு… காலையில்தான் மாநிலச் சங்கத்துச் செயலாளர் போனில் சொன்னார், "மேடம், மேலேயே கதவைச் சாத்திட்டாங்க, நாங்க என்ன பண்றது?" மேலே என்றால் எது மேலே? கிளப்பில் கேட்டால் மாவட்டச் சங்கத்தைக் கைகாட்டினார்கள், மாவட்டம் மாநிலத்தை, மாநிலம் தேசியச் சம்மேளனத்தை, அங்கே போனால் ஒரே நாற்காலிக்கு இரண்டு தலைவர்கள், ஆளுக்கொரு தேர்தல், ஆளுக்கொரு முத்திரை, இவர்கள் மல்லுக்கட்டியதைப் பார்த்து உலகச் சம்மேளனம் நாட்டையே இடைநீக்கம் செய்துவிட்டது, இனி இங்கிருந்து எந்த அணியும் வெளியே போய்ப் போட்டியிட முடியாது. கணுக்கால்கூட நனையாத இரண்டு பெரிய மனிதர்கள், ஒத்திசைவு நீச்சல் என்றால் என்னவென்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார்கள், அவர்களுடைய வீம்புக்கு இந்தப் பிள்ளைகள் அடக்கிய மூச்செல்லாம் வீண்தானா?

அதோ, மூன்றாவதாக நீட்டிக்கொண்டிருக்கும் கால்கள் மகளுடையவை, அடுத்த வருடம் வயது தாண்டிவிடும், ஜூனியர் உலகப் போட்டிக்கு இதை விட்டால் வேறு வாய்ப்பில்லை, சொல்லத்தான் வேண்டும், எப்படிச் சொல்வது, இன்னும் ஒரு முறை நீந்தட்டும், முடிந்ததும் சொல்லலாம், இப்படியே நாலாவது முறை ஆகிவிட்டது. எட்டுத் தலைகளும் மேலே வந்தன, மூக்கில் கிளிப், உதட்டில் சிரிப்பு, மூச்சு முட்டினாலும் சிரித்துக்கொண்டுதான் மேலே வர வேண்டும், அதற்கும் மதிப்பெண் உண்டு, கற்றுக்கொடுத்தது இவள்தான், இப்போது அந்தச் சிரிப்பைப் பார்க்க இவளால் ஆகவில்லை. "இன்னும் ஒரு தடவை" என்றாள். ஏழு பேர் நகர்ந்தார்கள். மகள் மட்டும் ஏணியருகே வந்து கிளிப்பைக் கழற்றினாள்.

"தட்டாதீங்கம்மா. நாம போகலைல்ல?"

"யாரு சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லல. எட்டாவது தட்டு தயங்கித் தயங்கி விழுது. அப்பா இறந்த அன்னைக்கும் இப்படித்தான் தட்டினீங்க."

குழாய் கையிலேயே நின்றது. அன்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்த பிறகும் பயிற்சியை நிறுத்தவில்லை, மகள் குளித்து, தலை துவட்டி, உடை மாற்றி வந்த பிறகுதான் அவளிடம் சொன்னாள், அந்தக் கொஞ்ச நேரமாவது பிள்ளை அப்பா இருக்கிறவளாக நீந்தட்டும் என்று, தன்னால் கொடுக்க முடிந்தது அதுதான் என்று இத்தனை நாளும் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தாள்… அப்படியென்றால் மகள் அதைத் தண்ணீருக்கடியிலேயே கேட்டுவிட்டாளா, தலைகீழாக, தனியாக, கேட்டுவிட்டும் சிரித்துக்கொண்டே மேலே வந்தாளா? நடுக்குளத்தில் ஏழு பேரும் காத்திருக்கிறார்கள், முதல் தட்டுக்காக.