சிவப்பு அட்டையா நீல அட்டையா

மாவட்ட நூலகத்தில் குற்றவியல் கலைக்களஞ்சியம் ஒன்று வாங்கப்போகிறார்கள். கிடைப்பது இரண்டு. சிவப்பு அட்டை போட்டதில் காளிராஜனை நான் கொன்றிருக்கிறேன். நீல அட்டை போட்டதில் என்னைக் காளிராஜன் கொன்றிருக்கிறான். அலமாரியில் ஒன்றுக்குத்தான் இடம். எதை வாங்குகிறார்களோ அதன்படி நடந்துகொள்ளவும் என்று இருவருக்கும் தபால் வந்திருந்தது.

கொன்றவன் உயிரோடு இருப்பான். அதனால் எனக்குச் சிவப்பு வேண்டும்.

எங்கள் இருவருக்கும் ஒரே மிளகாய் மண்டியில் கடை. ஒரே ஸ்கூட்டரில் போனோம். குற்றவியல் பிரிவு முதல் மாடியில் இருந்தது. ஏற ஏற அது மூன்றாம் மாடிக்குப் போய்விட்டது. காளிராஜனுக்கு மூச்சு வாங்கியது. என் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன்.

நூலகர் பவளக்கொடி மேடம் இரண்டு புத்தகங்களையும் மேசைமேல் வைத்திருந்தார். கையில் ஒப்பீட்டுப் படிவம்.

“ரெண்டு பேரும் அபிப்பிராயம் சொல்லலாம்.”

வாங்க நினைக்கிற சரக்கை மண்டிக்காரர்கள் நாங்கள் புகழ மாட்டோம். முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் கையிலேயே எடுப்போம்.

சிவப்பைப் புரட்டினேன். “என்ன மேடம், தாளு அப்பளமாட்டம் நொறுங்குது. விஷத்துக்கு ரெண்டே பக்கம். இத எவன் படிப்பான்?”

காளிராஜன் நீலத்தை முகர்ந்து பார்த்தான். “இது மட்டும் யோக்கியமா? கைரேகைப் படம் பூராவும் ஒரே ஆளோடது.”

“செவப்புல தையல் விட்டுப்போச்சு. அட்டவணையும் கிடையாது. ஒரு கொலைகாரனத் தேட நாலு நாள் ஆகும்.”

மேடம் ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டார். நான் ஒன்பது குறை சொன்னேன். அவன் நாலுதான். மண்டியிலும் என் வாய்க்கு அவன் ஈடுகொடுக்க மாட்டான்.

குறை அதிகமுள்ளதைத் தள்ளிவைத்துவிட்டு மேடம் நீலத்தில் முத்திரை குத்தினார்.

“மேடம், அது பேரத்துக்குச் சொன்னது” என்றேன்.

“இது நூலகம்” என்றார்.

காளிராஜன் நீலப் புத்தகத்தைத் திறந்து எங்கள் பக்கத்தைப் படித்தான். அவன் முகம் வாடியது.

“இன்னைக்கு அஞ்சரைக்குன்னு போட்டிருக்கான் அண்ணாச்சி.”

“அஞ்சரை கட்டுப்படியாகாதுப்பா. ஒன்பதுன்னு வை.”

“அச்சுல இருக்கே. சரி, ஆறு.”

“எட்டே முக்கால்.”

“நானும் நாலு பேருக்குப் பதில் சொல்லணும்ல? ஆறேகால்.”

“இருபது வருஷமா பக்கத்துக் கடை. மூஞ்சியப் பாத்துச் சொல்லு.”

பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். “ஆறு இருபது.”

“சத்தம்” என்றார் மேடம்.

குரலைத் தாழ்த்திக்கொண்டு எட்டரையிலிருந்து ஆரம்பித்தேன்.