ஒரே ஒரு பை

ரத்த வங்கி அக்காவுக்கும் எனக்கும் ஒன்பது வருடமாக ஏழாம் பொருத்தம். ஆபரேஷன் தியேட்டர் நர்ஸான நான் ரத்தப் பை வாங்கப் போனால், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த நேரத்தைச் சீட்டில் எழுதி நீட்டுவாள். ஏற்றாத பை முப்பது நிமிடத்துக்குள் திரும்பிவிட வேண்டும். ஒரு நிமிடம் தாண்டினாலும் குப்பைதான். "என்ன, ஊர்வலமா வர்றே? கொஞ்சம் காலை எட்டிப் போடேன்" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த அக்காவுக்கே மலக்குடலில் புற்றுநோய் வந்தது. அவள் ரத்தமோ லேசில் கிடைக்காத வகை. சல்லடை போட்டுச் சலித்தும் பொருந்தியது ஒரே ஒரு பை. அதனால் மூன்று வாரம் முன்பிருந்தே இரும்புச்சத்தை ஊசியில் ஏற்றி அவள் உடம்பிலேயே ரத்தத்தை ஊறவைத்தோம். மயக்க மருந்துக்கு முன் அக்கா என் கையைப் பிடித்தாள்.

"அவசரப்பட்டு அந்தப் பையைக் குத்திடாதீங்க. ஆபரேஷன் முடிஞ்சப்புறம் ரத்தம் கொட்டுச்சுன்னா எனக்கு வேற நாதியில்ல."

சர்ஜன் ஒவ்வொரு ரத்தக்குழாயாக அடைத்து, அங்குலம் அங்குலமாகத்தான் நகர்ந்தார். ரத்தத்தில் நனைந்த துணிகளைத் தராசில் வைத்து, காய்ந்த துணியின் எடையைக் கழித்து, இழந்த ரத்தத்தைப் பலகையில் எழுதுவது என் வேலை. இரண்டு மணி நேரத்தில் வெறும் இருநூறு மில்லி. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த முறை எடை போட்டால் எழுநூற்று இருபது! மயக்க மருந்து டாக்டர் உடனே ரத்த வங்கிக்குப் போன் போட்டார். பை வந்துவிட்டது. சீட்டில் பதினொன்று பத்து. எண்ணையும் பெயரையும் சரிபார்த்து, குழாயைக் குத்தக் கையில் எடுத்தார்.

திரையைப் பார்த்தேன். அக்காவின் நாடித்துடிப்பு துளிகூட மாறவில்லை. துணிகளைப் பார்த்தேன். வெளிறிப்போன ரோஸ் நிறம். எனக்குத் திக்கென்றது. சற்று முன்புதான் சர்ஜன் வயிற்றை உப்புநீரால் கழுவியிருந்தார். அதைத் துடைத்த துணிகளையும் சேர்த்து எடை போட்டிருக்கிறேன், மடச்சி. சொன்னால் என் மானம் போகும். சொல்லாவிட்டால் அக்காவின் பை போகும்.

"சார், குத்தாதீங்க. தப்பு என்னோடது. அது ரத்தமில்ல, கழுவுன தண்ணி."

அவர் முறைத்தார். ஆனாலும் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதித்தார். ஹீமோகுளோபின் பத்துக்கு மேலேயே நின்றது. சர்ஜனும் உள்ளே பார்த்துவிட்டு எங்கும் கசியவில்லை என்றார். பையைத் திருப்பி அனுப்பச் சொல்லும்போது மணி பதினொன்று முப்பத்தைந்து.

லிஃப்ட் வரவில்லை. பையை மார்போடு அணைத்துக்கொண்டு இரண்டு மாடிப் படிகளையும் தாவித் தாவி இறங்கினேன். எதிரே வந்த பெரிய டாக்டரை இடித்துவிட்டு மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. கவுன்டரில் இருந்தவர் சீட்டையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். முப்பத்தெட்டு. பை உள்ளே போனது. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து பைத்தியம் மாதிரி சிரித்தேன்.

சாயங்காலம் வார்டில் அக்கா கண் திறந்தாள். முதல் வார்த்தையே, "பை?"

"உங்க ஃபிரிட்ஜ்லயே பத்திரமா இருக்குக்கா. வெளிய வந்து திரும்பிப் போச்சு."

"எத்தனை நிமிஷம்?"

"இருபத்தெட்டு."

உலர்ந்த உதடு மெல்லக் கோணியது.

"அப்ப உனக்கு ஓடத் தெரியும். ஒன்பது வருஷமா என்னை ஏமாத்தியிருக்கே."