காற்று இல்லாமல் ஆடிய கேபின்

அந்த வீட்டில் காலையில் அடுப்பு எரிவதில்லை. சமையலறை மேசையில் ஒரு பை நிறைய பன் இருக்கும். வீட்டுக்காரர் பேக்கரியில் மாவு பிசைகிறவர். விடியுமுன் போய் மதியம் திரும்பிவிடுவார். விற்காமல் மிஞ்சிய பன்னும் கேக்கும் அவரோடு வீட்டுக்கு வரும். மகளுக்கு அதுதான் காலைச் சாப்பாடு, பள்ளிக்கூட மதியச் சாப்பாடும் அதுதான். பல நாள் மூன்று பேருக்கும் இரவிலும் அதுவே.

"அம்மா, இன்னிக்கும் கிரீம் பன்னா?" என்றாள் மகள். ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள்.

"கிரீம் வேணாம்னா ஜாம் பன் எடுத்துக்க."

"வெளிய எல்லாம் ஒரே பன்னுதாம்மா. உள்ள இருக்கிறதை மாத்தி என்னை ஏமாத்துற."

"வாய் மட்டும் வக்கணையா இருக்கு. கிளம்பு, பஸ் போயிடும்."

அம்மாவும் ஒரு பன்னைப் பையில் திணித்துக்கொண்டாள். கூடவே ஒரு பொட்டலம் சிப்ஸ். தண்ணீர்ப் பாட்டிலை எடுத்தாள், பிறகு பாதியைத் தொட்டியில் கொட்டிவிட்டு மூடினாள். அவள் ஏன் தண்ணீரைக் கொட்டினாள் என்பது புரிய, அவள் செய்யும் வேலை தெரிய வேண்டும்.

உயரமான கட்டடங்கள் எழும்பும் இடங்களில் டவர் கிரேனைப் பார்த்திருப்பீர்கள். ஒற்றைக் காலில் நிற்கும் இரும்புக் கோபுரம். அதன் தலையில் கிடையாக நீண்ட ஒரு கை. கையும் கோபுரமும் சேரும் இடத்தில், கண்ணாடி போட்ட சின்னப் பெட்டி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அதுதான் கேபின். அவள் அதற்குள் உட்கார்ந்து இரண்டு லீவர்களை அசைத்தால் கீழே கம்பிக் கட்டும் கான்கிரீட்டும் எழும்பும், நகரும், இறங்கும். வேலையிடத்தில் அவளுக்குக் கழுகக்கா என்று பெயர். இத்தனை ஆண்டுகளில் அவள் தூக்கிய சுமை ஒருவர்மீதும் உரசியதில்லை.

கேபினில் எல்லாம் உண்டு, கழிப்பறை மட்டும் இல்லை. போக வேண்டுமென்றால் ஏணி வழியாக இறங்கி, திரும்ப ஏற வேண்டும். அதுவரை கீழே இருக்கும் அத்தனை பேர் வேலையும் நிற்கும். அதனால்தான் அவள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தாள். சாப்பாட்டுக்கும் இறங்குவதில்லை. ஒரு மெல்லிய கயிற்றைக் கீழே விடுவாள். சிக்னல்காரர் அதில் எதையாவது கட்டி அனுப்புவார்.

சிக்னல்காரர் கிரேனுக்குக் கண் மாதிரி. சுமைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, 'இறக்கு, நிறுத்து, இடது பக்கம்' என்று வாக்கிடாக்கியில் சொல்கிறவர். இங்கே அந்த வேலை பார்த்தவரை எல்லோரும் விசில் என்று கூப்பிட்டார்கள். அவள் வயதுதான் அவருக்கும். ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"அக்கா, கயிறு விடுக்கா. பொரிச்சது ரெண்டு பொட்டலம், கலர் சோடா ஒண்ணு. பறவைக்கு இரை ரெடி!"

"அவுந்து விழுந்துடாம ஒழுங்கா கட்டு."

"உன் வெயிட்டையே அந்த கிரேன் தாங்குது, என் முடிச்சு தாங்காதா?"

அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு, சாயங்காலம் வரை எழுந்திருக்கவே இல்லை.

கிரேனைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அது ஆடும். ஆடினால்தான் நல்லது. சுமை ஏறினால் கோபுரம் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், இறக்கினால் நிமிரும். காற்றடித்தால் மரம் போல அசையும். விறைத்து நிற்கும் இரும்பைவிட வளைந்து கொடுக்கும் இரும்புக்கு ஆயுள் அதிகம். புதிதாக ஏறுகிறவர்களுக்கு வயிற்றைப் புரட்டும். பழகியவர்களுக்கு அது தொட்டில் மாதிரி.

சில வாரங்களாக அந்தத் தொட்டில் அளவுக்கு மீறி ஆடுவதாக அவளுக்குப் பட்டது. லீவரைப் பிடித்திருக்கும்போதே தரை ஒரு பக்கம் சரியும், பிறகு தானாகவே சரியாகிவிடும். காற்று என்று நினைத்தாள். அப்புறம் போல்ட்டுகள் தளர்ந்திருக்கலாம் என்று நினைத்து மெக்கானிக்கிடம் சொன்னாள். அவர் அடியிலிருந்து நுனிவரை ஏறி ஒவ்வொரு போல்ட்டையும் முடுக்கிப் பார்த்தார். மறுவாரம் மறுபடியும் சொன்னாள். மறுபடியும் ஏறினார்.

"கிரேன் குதிரை மாதிரி இருக்கும்மா. ஒரு குறையும் இல்ல" என்றார்.

இரும்பை இரண்டு தடவை சோதிக்கச் சொன்னவளுக்கு, உள்ளே உட்கார்ந்திருக்கும் ஆளையும் ஒரு தடவை சோதிக்கலாம் என்று தோன்றவே இல்லை.

ஒரு நாள் கூரைத்தளத்தில் கான்கிரீட் போடும் வேலை. ஈரக் கான்கிரீட் நிரம்பிய இரும்பு வாளி கொக்கியில் தொங்கியது. தளத்தில் விசிலோடு ஏழெட்டுப் பேர் நின்றார்கள். வாளி அவர்கள் பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தபோது கேபின் சுழன்றது.

"விசில், காத்து பலமா அடிக்குது. தள்ளி நில்லுங்க."

"காத்தா? என்னக்கா சொல்ற? இங்க ஒரு தூசிகூட பறக்கலயே. சிமெண்ட் பை மேல கிடக்கிற காகிதம் அப்படியே கிடக்கு."

அவள் காற்றுமானியைப் பார்த்தாள். முள் அடியிலேயே படுத்துக் கிடந்தது. கேபின் ஆடவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. ஆடியது அவள்தான்.

அந்த லீவர்களில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. கையை எடுத்தால் அவை தாமாகவே நடுவுக்கு வந்துவிடும். மோட்டார் நிற்கும், பிரேக் பிடித்துக்கொள்ளும். ஓட்டுகிறவருக்கு ஏதாவது ஆகிவிடலாம் என்று யோசித்து யாரோ வடிவமைத்தது. அவள் கையை எடுத்தாள். நின்ற வேகத்தில் வாளி ஊஞ்சல் போல ஆடியது.

"விசில், எனக்கு முடியல. ஆளுங்களை வெளியேத்து. எல்லாரையும்."

அதன் பிறகு விசில் ஒரு வார்த்தைகூட வேடிக்கையாகப் பேசவில்லை. ஆட்களை விரட்டினார். வாளி ஆடி அடங்கும்வரை காத்திருந்தார். "அக்கா, கண்ணை மூடி மூச்சை இழுத்து விடு. அவசரமில்ல. தலை தெளிஞ்சதும் சொல்லு" என்றார். அவள் சொன்னதும், "மெதுவா இறக்கு. இன்னும். இன்னும் கொஞ்சம். நிறுத்து. தரையில உக்காந்துடுச்சு" என்றார். கடைசி வார்த்தையில் அவர் குரல் உடைந்தது.

அவளை இறக்க ஏணியில் இரண்டு பேர் ஏறினார்கள்.

மருத்துவர் இரத்த அழுத்தத்தை இரண்டு முறை அளந்தார். பிறகு சர்க்கரையையும் பார்த்தார். இரண்டுமே ஏறியிருந்தன.

"என்ன சாப்பிடுறீங்க?"

அவள் சொன்னாள். தண்ணீர் விஷயத்தையும் சொன்னாள். மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"பொட்டலத்துல வர்றதுல உப்பு அதிகம்மா. அது ரத்த அழுத்தத்தை ஏத்தும். பன்னும் கலரும் சர்க்கரையை ஏத்தும். எரிக்கிறதுக்கு உடம்பு அசையவே இல்ல. தண்ணியும் இல்லாம வெயில்ல கண்ணாடிப் பெட்டிக்குள்ள உக்காந்தா தலை சுத்தாம என்ன செய்யும்? மாத்திரை தரேன். ஆனா மாத்திரை பாதி வேலைதான் செய்யும், மீதியை நடையும் வீட்டுச் சாப்பாடும்தான் செய்யணும். இது கட்டுக்குள்ள வர்ற வரைக்கும் கிரேன்ல ஏறக்கூடாது."

"நடக்கவும் சமைக்கவும் எனக்கு நேரம் ஏது டாக்டர்? வேலை, பஸ், வீடு, பிள்ளை..."

"ஆஸ்பத்திரியில படுத்துட்டா அந்த நேரத்தை எங்கேயிருந்து எடுப்பீங்க?"

அவள் கண்முன்னால் அந்த வாளி ஆடிக்கொண்டே இருந்தது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது கணவர் முகம் கறுத்தது.

"அப்போ நான் கொண்டாற பன்னைத் தின்னுதான் உனக்கு இப்படி ஆச்சுங்கறியா?"

"உங்களைக் குத்தம் சொல்லலைங்க. அடுப்பு பத்த வைக்க எனக்கு அலுப்பு. அந்த அலுப்புக்கு உங்க பன்னு தோதா இருந்துச்சு."

"நான் உங்க ரெண்டு பேரும் வயிறார சாப்பிடணும்னுதானே தூக்கிட்டு வந்தேன்?"

"தெரியும். நானும் இவ நல்லா படிக்கணும்னுதான் மேல உக்காந்திருந்தேன். ரெண்டு பேரும் இவளுக்காகத்தான். ஆனா இன்னிக்கு ஒரு நிமிஷம் தவறியிருந்தா, விசில் வீட்டுப் பிள்ளைங்களுக்கு அப்பா இல்ல."

மகள் அப்பாவிடம் திரும்பினாள்.

"அப்பா, நீங்க மதியமே வந்துடுறீங்கல்ல? பேக்கரியில அவ்ளோ மாவு பிசையறீங்க. நம்ம வீட்டுல மட்டும் ஏன் பிசைய மாட்டீங்க?"

இத்தனை வருடங்களாக அந்தக் கேள்வி அந்த வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை. சமையல் அம்மாவுக்கு நேரம் கிடைத்தால் நடக்கும், கிடைக்காவிட்டால் பன் இருக்கவே இருக்கிறது என்று மூவருமே நம்பியிருந்தார்கள்.

மறுநாள் அவர் கையில் பன் பை இல்லை. காய்கறிப் பை இருந்தது. மதியம் கொஞ்சம் தூங்கி எழுந்ததும் காயை நறுக்கினார். பேக்கரிக்காரர் என்பதால் எல்லாம் ஒரே அளவில் இருந்தன. அதுவும் ஒரு வசதிதான். துண்டுகள் ஒரே அளவாக இருந்தால் ஒன்று குழைவதும் இன்னொன்று வேகாமல் கிடப்பதும் நடக்காது. பருப்பை முன்கூட்டியே ஊறவைத்தார். அதனால் அடுப்பு வேலை பாதியாகக் குறைந்தது. உப்பைக் குறைத்துவிட்டு, கடைசியில் எலுமிச்சை பிழிந்தார். உப்புக் குறைந்ததை நாக்கு அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. அவள் வேலையிலிருந்து திரும்பியதும் தாளித்து இறக்குவாள். மறுநாள் மதியத்துக்கும் அதிலேயே எடுத்து வைத்துவிடுவாள்.

"அப்பா சமையல் சுமார்தான். ஆனா பன்னு இல்ல, அது போதும்" என்றாள் மகள்.

"பாத்தியா, ஒரு வார்த்தை நல்லா சொல்ல மனசு வருதா இவளுக்கு!"

நிறுவனம் அவளைத் தரையில், சாமான் கிடங்கில் போட்டிருந்தது. மாலையில் மகளோடு நடக்கத் தொடங்கினாள். முதல் நாள் இரண்டாவது தெருமுனையிலேயே மூச்சு வாங்கி ஒரு கடைச் சுவரில் சாய்ந்துவிட்டாள்.

"மேலயே உக்காந்து உக்காந்து உனக்கு நடக்கவே மறந்துபோச்சும்மா" என்று சொன்ன மகள், அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கிடங்கு அவளுக்குப் பிடிக்கவில்லை. ஜன்னல் வழியாக, வேறொருவர் ஓட்டும் கிரேனைப் பார்க்கும்போதெல்லாம் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு நின்றுவிடுவாள். அப்படிப்பட்ட நாட்களில் நடக்கவும் பிடிக்காது. ஆனால் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கும் மகளிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

சில மாதங்கள் கழிந்தன. மருத்துவர் அளந்து பார்த்தார். மாத்திரை தொடர வேண்டும், ஆனால் கிரேனில் ஏறலாம் என்றார். அவள் நேராக மேலாளரிடம் போனாள். மதியம் மாற்று ஆள் ஏற வேண்டும், நான் இறங்கித் தண்ணீர் குடித்து, சாப்பிட்டு, கழிப்பறை போய்விட்டுத்தான் ஏறுவேன், இல்லையென்றால் கிடங்கிலேயே இருந்துவிடுகிறேன் என்றாள். அந்த வாளியை மேலாளரும் பார்த்தவர். உடனே ஒப்புக்கொண்டார்.

வீட்டில் செய்தியைச் சொன்னபோது கணவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவள் தோளைத் தொட்டார். மகள் மட்டும் சந்தோஷப்படவில்லை. மூலையில் உட்கார்ந்து செருப்பு வாரைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"என்னடி, அம்மா பாஸ் ஆயிட்டேன், மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க?"

"பாஸ் ஆயிட்டல்ல? இனிமே நடக்க வரமாட்ட. மறுபடியும் நேரமில்லம்பே. அப்புறம் பன்னு வரும்."

அந்தச் சின்ன முகத்தில் பயம் இருந்தது. அம்மாவுக்கு என்ன நடந்தது என்பது இந்தக் குழந்தைக்கு முழுக்கத் தெரிந்திருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் மகளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"இங்க பாரு. நான் என்னைக் கவனிக்காம உழைச்சதை, உனக்காகப் பண்ற தியாகம்னு இத்தனை நாளா நினைச்சிட்டிருந்தேன். அது தியாகம் இல்லடி. என்னை நம்பி கீழ நிக்கிறவங்களுக்கு நான் பண்ண துரோகம். அன்னிக்கு விசில் நின்னாரு. தினமும் நீ நிக்கிற. பிள்ளையைப் பெத்தவங்க, நேரம் மிஞ்சினா உடம்பைப் பாத்துக்கலாம்னு இருக்கக்கூடாது. அது மிஞ்சவே மிஞ்சாது. முதல்ல அதுக்கு எடுத்து வச்சுட்டுத்தான் மத்ததுக்குப் பங்கு போடணும். வீட்டுல இருக்கிற எல்லாரும் சேர்ந்து எடுத்து வைக்கணும்."

மகள் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டாள். பிறகு எழுந்து கதவைத் திறந்தாள்.

"சரி, அப்போ பேசிட்டே உக்காராத. எந்திரி, நடக்கலாம்."