பெயின்ட்டுக்கு அடியில்

ஹாலில் நாற்காலிகளை நகர்த்தும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோது, அண்ணன் தங்கையின் மேசைக்கு அடியில் குனிந்து கம்ப்யூட்டரின் ஸ்விட்சைத் தேடிக்கொண்டிருந்தார். அது காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் ஏழு மணிக்கு எட்டிப் பார்த்தபோது தங்கை இந்த மேசையில்தான் தலை சாய்ந்து கிடந்தாள், கையில் வரைகிற பேனாவோடு. தூங்குகிறாள் என்று நினைத்து அந்த அம்மாள் முதலில் சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனாராம். மாரடைப்பு என்றார் டாக்டர். இப்போது உடம்பு ஹாலில் இருந்தது. வண்டி மூன்று மணிக்கு.

ஸ்விட்ச் அகப்படவில்லை. நிமிர்ந்தபோது திரை முழுக்க ஒரு பழைய போர் விமானம் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றது.

தங்கையின் பிழைப்பே அதுதான். எப்போதோ பறந்து ஓய்ந்த ராணுவ விமானங்களைக் கம்ப்யூட்டரில் வரைவாள். வெயிலில் வெளுத்த பச்சை, எண்ணெய் வழிந்த கறை, விமானிகள் ஏறி ஏறிப் பெயின்ட் தேய்ந்து அலுமினியம் பளிச்சிடும் இடம் என்று எல்லாம் அப்படியே இருக்கும். போட்டோ என்றே நினைப்பார்கள். அண்ணனுக்குக் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் ஷெட். வாரம் ஒருமுறை அங்கே வந்து, உரிந்த கதவுகளையும் துருப்பிடித்த பானெட்டுகளையும் படமெடுத்துக்கொண்டு போவாள். ஊரே என்கிட்ட புதுசு கேட்டு வருது, நீ ஒருத்திதான் பழசு கேட்டு வர்றே என்று அவர் கேலி செய்வார்.

ஒருநாள் அவரை இதே நாற்காலியில் உட்காரவைத்து விளக்கியிருந்தாள். "உன் ஷெட்டு மாதிரிதாண்ணா. அடியில தகடு, அது மேல பிரைமர், அது மேல பெயின்ட், கடைசியா அழுக்கு. நீ சுரண்டி எடுக்கணும். எனக்குத் திரையில இந்த ஓரத்துல இருக்கற கண் படத்தை ஒவ்வொண்ணா அமுக்கி மூடினா போதும், ஒவ்வொரு பூச்சா மறைஞ்சிடும்."

மேசையில் இருந்த அவள் போன் அடித்தது. 'மெக்கானிக் ஐயா' என்று காட்டியது. யாரிடமிருந்தும் துக்கம் விசாரிக்கும் குரலைக் கேட்க அவருக்குத் தெம்பில்லை. இருந்தும் எடுத்தார்.

வயதான குரல். இவர் யாரென்று கேட்காமலே, நேற்று சாயங்காலம் பேச்சின் நடுவில் போனை வைத்ததற்கு அது மன்னிப்புக் கேட்டது. அண்ணன் விஷயத்தைச் சொன்னார்.  எத்தனை மணிக்கு நடந்தது என்று மட்டும் கேட்டது அந்தக் குரல்.

கிழவர் மெல்ல மெல்லச் சொன்னார். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் அவர் கவனித்துவந்த விமானம் அது. தன்னிடமிருந்த ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் போட்டோவை அனுப்பி, வரைந்து தரச் சொல்லியிருந்தார். நேற்று சாயங்காலம் தங்கை அவரைக் கூப்பிட்டிருக்கிறாள்.

"பெயின்ட்டுக்கு அடியில என்ன எழுதி வச்சீங்கன்னு கேட்டாங்க. யாரு சொன்னான்னு கேட்டேன். யாரும் சொல்லலைங்க, வரையும்போது கைக்கு வருதுன்னாங்க. பயந்துபோய் போனை வச்சிட்டேன்." கிழவர் மூச்சு வாங்கினார். "இடது இறக்கை உடம்போட சேர்ற இடம். அங்க ஏதாவது இருக்கான்னு பாருங்க தம்பி."

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த இடத்தில் பச்சைப் பெயின்ட்டைத் தவிர எதுவுமில்லை. ஓரத்திலிருந்த கண்களில் முதலாவதை மூடினார். கறையும் அழுக்கும் போய், விமானம் கழுவி நிறுத்தியது போலானது. அடுத்ததை மூடினார். பச்சை போனது. இன்னொன்று. பிரைமரின் மஞ்சள் போனது. ஜன்னல் திரையைக் காலையிலேயே இழுத்து மூடியிருந்தார்கள். ஆனால் அந்தத் தகட்டின் மேல் எங்கிருந்தோ பட்டப்பகல் வெளிச்சம் விழுந்திருந்தது. யார் கண்ணுக்கும் படப்போகாத தகட்டை ஒரு கீறல் விடாமல் வரைந்திருந்தாள்.

இறக்கை உடம்போடு சேரும் இடத்தில், ஒரு ரிவெட் ஆணியிலிருந்து விரல் நீளத்துக்கு மெல்லிய விரிசல். அதன் பக்கத்தில் நீல மெழுகுப் பென்சிலால் கோணல் எழுத்து.

"நாளைக்குப் பாத்துக்கலாம்," என்று அண்ணன் வாய்விட்டுப் படித்தார்.

அனுப்புங்க, பாக்கணும் என்றார் கிழவர். அண்ணன் திரையைப் போட்டோ எடுத்து அனுப்பினார். தங்கையின் எழுத்து உருண்டையாக இருக்கும். இது அவள் எழுத்தில்லை.

"என் எழுத்துதான்," என்றார் கிழவர். "இடது பக்கமா சாஞ்சிருக்கு பாருங்க. நான் இடது கைக்காரன்."

விரிசலைக் கண்டபோது சாயங்காலமாகிவிட்டதாம். மாற்றத் தகடு இல்லை. காலையில் விமானம் கிளம்பியாக வேண்டும். ஒரு நாள் தாங்கும் என்று நினைத்து, திரும்பி வந்ததும் பார்க்க அடையாளம் எழுதிவிட்டு, மேலே பெயின்ட் அடித்துவிட்டார். விமானம் திரும்பி வரவில்லை. ஓட்டிப் போன பையனுக்கு இருபத்தாறு வயது.

"விசாரணையில கேட்டாங்க. எல்லாம் சரியா இருந்துச்சுன்னேன். பெயின்ட்டு காயக்கூட இல்ல தம்பி, அது கிளம்பறப்போ."

அண்ணன் தன் கையைப் பார்த்தார். நகக்கண்ணில் நேற்றைய சிவப்பு இன்னும் ஒட்டியிருந்தது. ஒரு கார்க் கதவுக்கு இரண்டாவது கோட் அடித்துக்கொண்டிருந்தபோதுதான் தங்கை கூப்பிட்டாள். இடது தோள் இழுத்துப் பிடிக்கிறது, டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகிறாயா என்றாள். பெயின்ட் காய்ந்துவிடும், நடுவில் விட்டால் திட்டுத்திட்டாகிவிடும். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டே அவரும் அந்த இரண்டே வார்த்தைகளைத்தான் சொன்னார். அவள் சரிண்ணா என்றாள். காலையில் டாக்டர், ஏதாவது வலி, கிலி என்று சொன்னார்களா என்று கேட்டபோது அவர் இல்லையென்று தலையாட்டியிருந்தார்.

"அவங்களுக்கு முன்னாடியே முடியாம இருந்துச்சா?" என்று கிழவர் கேட்டார்.

"தெரியலைங்க," என்றார் அண்ணன்.

கிழவர் அந்தப் பதிலைக் கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டிருந்தது போலிருந்தது. பிறகு, படத்தை இப்படியே அனுப்பச் சொன்னார். மேலே எதுவும் வேண்டாம் என்றார்.

வாசலில் வண்டி வந்து நின்றது. அண்ணன் எழுந்து ஹாலுக்கு வந்தார். தங்கையின் முகம் அவருக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. வழவழவென்று, ஒரே நிறமாக, புதிதாக இருந்தது.

"கொஞ்சம் பவுடர் போட்டு விட்டேன்," என்றாள் அவர் மனைவி தாழ்ந்த குரலில். "முகம் ரொம்பக் கறுத்துக் கெடந்துச்சு. பாக்கறவங்க என்ன நினைப்பாங்க."

அவர் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்துகொண்டு தரையில் உட்கார்ந்தார். நெற்றியிலிருந்து தொடங்கினார். என்ன பண்றீங்க, ஆள்கள் நிக்கிறாங்க என்றாள் மனைவி. அவர் அவசரப்படவில்லை. கன்னத்து மங்கு தெரிந்தது. உதட்டோரம் நீலம் பாரித்திருந்தது தெரிந்தது. கண்ணுக்குக் கீழே வந்ததும் கைக்குட்டையை மடித்து, சுத்தமான பக்கத்தை வெளியே திருப்பிக்கொண்டார்.