பொட்டு வைத்த மரங்கொத்தி

"அதுக்குப் பின்னந்தலையில சிவப்பா ஒரு பொட்டு இருக்குமே, பார்த்தியா?" என்று போனில் கேட்டார் பஸ் டிரைவர்.

"பொட்டும் இல்ல, பூவும் இல்ல. வெறும் கறுப்பு வெள்ளைதான். கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாருங்க" என்றாள் மனைவி.

அவள் நர்ஸ். இரவுப் பணி முடிந்து அவள் வீடு திரும்பும்போது அவர் பஸ்ஸை எடுத்திருப்பார்; அவர் வருவதற்குள் அவள் கிளம்பிவிடுவாள். கொல்லைப்புறத்து மரத்தில் ஒரு கம்பிக்கூட்டைத் தொங்கவிட்டு அவர் பறவைகளுக்கு இரையாகக் கொழுப்புக் கட்டி வைத்ததிலிருந்து, சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சமே பெரிதான அந்த மரங்கொத்தியைப் பற்றித்தான் பேச்சு. வாலை முட்டுக்கொடுத்து அது உட்காருவதை அவள் காலையில் பார்த்துச் சொல்வாள். தலைகீழாகத் தொங்கித் தின்பதை அவர் மாலையில் பார்த்துச் சொல்வார். பொட்டில்தான் தகராறு.

நிரந்தரமாக இரவுப் பணிக்கு வரச் சம்மதமா என்று தலைமை நர்ஸ் கேட்டிருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அதைக் கணவரிடம் சொன்னபோது அவர், "உன் இஷ்டம்" என்றதோடு சரி. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவார்? அவளுக்குச் சுருக்கென்றது. சரி என்றே சொல்லிவிடுவோம் என்று நினைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை அவளுக்கு ஓய்வு நாள். வழக்கமாக அன்றும் யாருக்காவது பதிலாக டூட்டி பார்க்கப் போய்விடுவாள். இந்த வாரம் பொட்டு வழக்கைத் தீர்க்கவென்றே வீட்டில் இருந்தாள். சாயங்காலம் இருவரும் சமையலறை ஜன்னலில் தோளோடு தோள் இடிக்க நின்றார்கள்.

வந்தது. சிவப்புப் பொட்டு பளிச்சென்று தெரிந்தது.

"இப்ப என்ன சொல்ற?"

"கத்தாதீங்க, பறந்துடும்."

அவள் முகம் சுருங்குவதற்குள் அடிமரத்தின் பின்னாலிருந்து இன்னொரு தலை எட்டிப் பார்த்தது. அதில் பொட்டு இல்லை. அது கம்பிக்கூட்டை நெருங்கியதும் முதல் பறவை விரட்டியது. அது விலகிப் போய்க் காத்திருந்து, மற்றது பறந்த பிறகே வந்து கொத்தியது.

"அட, ஜோடியா! நாம ஒண்ணுன்னு நினைச்சு மல்லுக்கட்டியிருக்கோம்."

"இது வர்றப்ப அது இருக்காது" என்றார் அவர், குரல் இறங்கி. "நீ போனப்புறம் இங்க நின்னுதான் டீ குடிப்பேன். வீடே வெறிச்சோடிக் கிடக்கும்."

"அப்புறம் ஏன் உன் இஷ்டம்னீங்க?"

"வேண்டாம்னா, உன் வேலைக்குக் குறுக்க நிக்கிறேன்னு நினைப்பியோன்னுதான்."

"நல்ல மனுஷன் போங்க!"

அவள் போனை எடுத்தாள். "மேடம், நிரந்தரமா இரவு வேண்டாம். பகல் டூட்டி எப்பக் கிடைச்சாலும் சொல்லுங்க... காரணமா? வீட்ல ஒருத்தரச் சரியாப் பார்த்து மாசக்கணக்காச்சு மேடம்."

அவர் சட்டென்று அடுப்புப் பக்கம் திரும்பி, இல்லாத பாத்திரம் எதையோ தேடத் தொடங்கினார்.