மிக இனிய லியாந்த்ரோஸ்

மின்கம்பத்தில் ஒட்டியிருந்த மரண அறிவிப்பை எவாந்தியா வீட்டுச் சாவியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். பசை இன்னும் காயவில்லை. தம்பியின் பெயரில் பாதி சாவியோடு வந்தது. கிரேக்கத் தீவின் எர்மூப்போலித் துறைமுகத்தில் எத்தனை கம்பம் உண்டோ அத்தனையிலும் ஒட்டியிருந்தார்கள். பிற்பகல் அடக்கத்துக்குள் எல்லாவற்றையும் உரிக்க முடியாது என்பது அவளுக்கே தெரியும்.

ஊரில் எவன் செத்தாலும் 'அன்புக்குரிய' என்று அச்சடிப்பார்கள். குடிகாரனுக்கும் அதுதான், திருடனுக்கும் அதுதான். அது போதாதா? இவனுக்கு மட்டும் 'கிளிகீத்தாத்தோஸ்', மிக இனியவர். ஈராயிரம் ஆண்டுப் பழைய கல்லறைகளில் கிடக்கும் சொல். ஊரையே நடுங்க வைத்த நீதிபதி லியாந்த்ரோஸ் கராவியாஸ் மிக இனியவராம்.

காபிக்கடை பிரான்கிஸ்கோஸ் மேசையைத் துடைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். கள்ளச் சிகரெட் வழக்கில் அவன் அண்ணனைச் சிறைக்கு அனுப்பியது லியாந்த்ரோஸ்தான்.

"விடுங்க டீச்சர். ஜட்ஜ் ஐயா தேனாச் சொட்டினது எங்களுக்குத்தான் தெரியாமப் போச்சு."

அவள் திரும்பவில்லை. அவனுக்குப் பதில் சொல்வதும் அவன் மேசையில் போய் உட்காருவதும் ஒன்று.

கராவியாஸ் ஆண்களைக் கண்டு ஊர் எழுந்து நின்றிருக்கிறது. இனிக்கிறார்களா என்று யாரும் நக்கிப் பார்த்ததில்லை. இது ஸம்பேத்தாவின் வேலை. மிட்டாய்க்கடைக்காரன் மகள். கிழவயதில் தம்பி அவளைக் கட்டிக்கொண்டபோது எவாந்தியா தேவாலயப் பக்கமே போகவில்லை.

தம்பி வீட்டில் சவப்பெட்டியைச் சுற்றியிருந்த பெண்கள் அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். அவள் ஸம்பேத்தாவைச் சமையலறைக்கு அழைத்தாள்.

"யாரைக் கேட்டு அந்தச் சொல்லைப் போட்டே?"

"நீங்க சொல்லிக்குடுத்ததுதான் டீச்சர்."

மணமாகி இத்தனை வருடம் கழித்தும் 'டீச்சர்'தான். வேறு எப்படியும் கூப்பிட எவாந்தியா இடம் கொடுத்ததில்லை.

அவளுக்கு நினைவு வந்தது. பல வருடங்களுக்கு முன் மாணவிகளை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போயிருந்தாள். யாரோ ஒருத்தி இறந்த கணவனுக்கு வைத்த கல்லில் அந்தச் சொல் இருந்தது. இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். அழுவதற்கு இதில் ஒன்றுமில்லை, தேய்ந்துபோன சொல்வழக்கு, பிள்ளைக்கும் தாய்க்கும் நண்பனுக்கும் வளர்ப்புக் குழந்தைக்கும் இதையேதான் செதுக்கினார்கள் என்று அவள் அதட்டினாள். மிட்டாய்க்கடைப் பெண் கடைசியில் நின்றிருந்தாள்.

"எல்லாருக்கும் போட்ட சொல்லுன்னீங்களே. அவருக்கு மட்டும் ஏன் ஆகாது?" என்றாள் ஸம்பேத்தா.

"ஊர் சிரிக்குது."

"சிரிக்கட்டும். ஊரா அவர்கூட இருந்தது? கடையில நின்னு நின்னு என் கால் வீங்கிப்போகும். மடியில எடுத்து வச்சுத் தேச்சு விடுவாரு. எம்மேல கோவமா இருந்தாலும் தேச்சு விடுவாரு."

"லியாந்த்ரோஸா?"

எவாந்தியாவுக்கு முழங்காலில் அறுவை நடந்தபோது தம்பி குமாஸ்தாவிடம் ஒரு கூடை ஆரஞ்சு கொடுத்தனுப்பினான். தங்கள் குடும்பத்தில் அப்படித்தான் என்று அவள் பெருமையாகவே நினைத்திருந்தாள்.

கல்லிலும் அந்த ஒரு சொல்லைப் போட விடும்படி ஸம்பேத்தா கேட்டாள். குடும்பக் கல்லறை எவாந்தியாவின் பெயரில் இருந்தது. அவள் சம்மதிக்காமல் அதில் ஓர் எழுத்து ஏறாது.

"காகிதம் மழையில போயிடும். கல்லு நிக்கும். முடியாது."

தேவாலயத்தில் கடைசி முத்தத்துக்கு வரிசை நகர்ந்தது. ஸம்பேத்தா குனிந்து அவன் நெற்றியில் முத்தமிட்டாள். டையைச் சரிசெய்தாள். அவசரமே இல்லை. பின்னால் எவாந்தியா குனிந்தாள். அந்த நெற்றியைக் கடைசியாக எப்போது தொட்டோம் என்று அவளுக்கு நினைவில்லை. நெஞ்சின்மேல் வைத்திருந்த சிறிய திருவுருவத்தை முத்தமிட்டு நிமிர்ந்தாள். பார்த்தவர்களுக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது.

மண் தள்ளி முடித்து, எல்லோரும் வழக்கப்படி இறந்தவர் நினைவாகக் காபி குடிக்கக் கிளம்பினார்கள். கல் செதுக்குபவர் மட்டும் காத்திருந்து, என்ன எழுதுவது என்று கேட்டார்.

"பேரு. வருஷம். கீழே இடம் விடுங்க."

"இன்னொரு பேருக்கா மேடம்?"

"அவளுக்கு ஏதோ ஒரு சொல் வேணுமாம். நான் போனப்புறம் செதுக்கிக்கட்டும். என் கண்ணுல பட வேண்டாம்."

அவர் பென்சிலை நாக்கில் தொட்டு, எழுத்து எங்கே முடிய வேண்டும் என்று பளிங்கில் குறுக்கே கோடு இழுத்தார். அதற்குக் கீழே அரைச் சாண் வெறுமையாக இருந்தது. எவாந்தியா தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"கோட்டை இன்னும் கொஞ்சம் மேலே போடுங்க," என்றாள்.