மாமிக்குப் போட்ட சாயம்

குளச்சலில் ஊரடங்கு. கொரோனா ஏறிக்கிடந்த நேரம், ஆஸ்பத்திரியில் படுக்கை கிடையாது, டாக்டரைப் போனில்தான் பார்க்க வேண்டும். கத்தாரில் வேலை செய்யும் ரெஜின், அம்மா வியாகுலம்மாளுக்காக அங்கிருந்தே ஒரு டாக்டரைப் பிடித்துவிட்டான். தானும் அதே வீடியோவில் வருவதாகச் சொன்னான். அதைக் கேட்டதும் அவன் மனைவி லிஜா பதறிப்போனாள்.

பதறாமல் என்ன செய்வாள்? மாமி வியாகுலம்மாளுக்குக் காய்ச்சல் வந்ததிலிருந்து, கஞ்சியைப் பின்னறை வாசலில் வைத்துவிட்டு ஓடியவள்தானே. குடித்தாளா என்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. பயம்தான், அப்போது பயமில்லாதவர் யார்? ஆனால் ரெஜினிடம், மாமியைக் கையில் வைத்துத் தாங்குவதாக அல்லவா அளந்துவிட்டிருந்தாள்.

இரண்டு மாஸ்க்கை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். மாமிக்குத் தலைசீவி, விரிப்பை மாற்றி, கன்னத்தில் பவுடர் பூசினாள். உதடு நீலம் பாய்ந்து கிடந்தது. தன் உதட்டுச் சாயத்தை எடுத்து அதிலும் தடவினாள். இத்தனை நாளில் ஒரு கை தன்மேல் பட்டதே என்று மாமி கண்ணை மூடி முகத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் கேட்டதற்கெல்லாம் லிஜாவே முந்திக்கொண்டு பதில் சொன்னாள். ஆக்ஸிஜன் பார்க்கும் கருவி எந்தக் கடையிலும் இல்லை என்றதும், உதட்டைப் பக்கத்தில் காட்டச் சொன்னார். நன்றாகச் சிவந்திருக்கிறது, வீட்டிலேயே இருக்கட்டும் என்றார். ரெஜின் பெருமூச்சு விட்டான்.

மாமியின் நெஞ்சு இழுத்து இழுத்து இறங்கியது லிஜாவுக்கு மட்டுமே தெரியும். போனை முகத்தோடு நிறுத்திப் பிடித்திருந்தவள் அவள்தானே. இப்போது வைத்துவிட்டால் மானம் தப்பும், மாமி தப்பமாட்டாள்.

“வைக்காதீங்க டாக்டர்.”

துண்டை நனைத்து மாமியின் வாயைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க நீலம் வந்தது. டாக்டரின் குரல் மாறிவிட்டது. உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னார்.

“அம்மைக்கு ஆரு இதப் பூசுனது?” என்றான் ரெஜின்.

மாமிதான் மூச்சுக்கு நடுவே விட்டு விட்டுச் சொன்னாள்.

“நாந்தாம் மக்கா பூசச் சொன்னேன்... ஒனக்க முன்னால சீக்காளியா இருக்கப்பிடாதுன்னு. அவள ஒண்ணும் சொல்லாத... ராப்பகலா என்னைப் பாக்கா.”

நீ இருப்பதால்தான் எனக்கு நிம்மதி லிஜா என்று ரெஜின் அழுதான். அதற்கு நாலு அறை அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

ஆம்புலன்ஸ் வந்தது. கூட வருகிற நீங்கள் இவருக்கு யார் என்று கேட்டார்கள். மருமகள் என்று சொல்ல அவளுக்கு வாய் கூசியது.